பதினோரு பேர் பாரம்

திருத்தணியில் தலைமுடிக்கு மட்டும் பஞ்சமே கிடையாது, ஐயா. மலைமேல் மொட்டை போட்டபடியே இருக்கிறார்கள். நீளமானதை வியாபாரிகள் அள்ளிப்போய்விடுவார்கள். விலைபோகாத குட்டை முடியை யார் கேட்டாலும் கோணியில் கட்டித் தருவார்கள். நான் கேட்டேன்.

எனக்கு நாகர்கோவில் பக்கம். இங்கே சத்திரம் கட்டுகிற இடத்தில் காங்கிரீட்டைச் சோதிப்பது என் வேலை. உருளையாக வார்த்து, இறுகினதும் படுக்கவைத்து, ஜாக்கியால் மேலிருந்து அமுக்குவேன். காங்கிரீட் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. படுக்கவைத்து அமுக்கும்போது உள்ளே இரண்டு பக்கமும் இழுபடும். டப்பென்று பிளந்துவிடும். எத்தனை டன்னில் பிளந்தது என்று நோட்டில் எழுதினால் வேலை முடிந்தது.

ஒருநாள், சவுக்காரம் போட்டு அலசின முடியை விரல் நீளத்துக்கு வெட்டிக் கலவையில் போட்டேன். அந்த உருளை வெடித்தது, ஆனால் பிரியவில்லை. விரிசலுக்குள் எட்டிப் பார்த்தால், ஆயிரம் முடி இரண்டு பக்கத்தையும் கவ்விக்கொண்டிருந்தது. ஊரை விட்டு வந்து மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை.

"இன்னா தம்பி, கல்லுக்குக் கிச்சுகிச்சு மூட்டிகினு கீறியா?" என்றார் எல்லப்பன் மேஸ்திரி. என்னிடம் பேச்சுக் கொடுக்கிற ஒரே ஆள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு.

என்ஜினீயர் பரந்தாமன் அந்த உருளையைக் காலால் உருட்டினார். "பத்து பேர மேல ஏத்தி நிக்க வெச்சுக் காட்டுய்யா, ஒத்துக்கிறேன். அதுவரிக்கும் இத சவுரின்னு சொல்லி வித்துக்கோ."

நியாயமான பேச்சு. மனசில் வைத்துக்கொண்டேன்.

சத்திரத்து மாடியில் தெருவைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி, பரந்தாமன் அரக்கோணம் போயிருந்த நாளில் வார்த்தது. பால்கனியில் இழுவை எல்லாம் மேல்பக்கம். அங்கே போகிற கம்பிதான் அதைத் தாங்கும்.

"மேல கம்பி வாணாவா?" என்றார் எல்லப்பன்.

"வேண்டாம் அண்ணே. முடி தாங்கும்."

"என்ஜினீயரு ஒத்துகினாரா?"

"ஒத்துக்குவார்."

அதில் பொய் இல்லை, ஐயா. "நீ படிச்சவன்பா, நீ சொன்னா சரி," என்று மேஸ்திரி கலவையைக் கொட்டச் சொன்னார்.

ஆடிக்கிருத்திகை அன்று தெரு முழுக்கக் காவடி. வேடிக்கை பார்க்க இடமில்லாமல் தவித்தவர்களை, "மேலே வாங்க, நல்லாத் தெரியும்," என்று நான்தான் கூப்பிட்டேன். ஏழு பேர் வரை எனக்கு மூச்சே இல்லை. ஒன்பதில் சிரிப்பு வந்தது. பத்தாவதாக ஆர்.கே.பேட்டை நெசவுக்காரம்மா ஒருத்தி. பம்பைச் சத்தத்துக்கு அவள் ஆட ஆரம்பிக்க, பத்துப் பேரும் ஆடினார்கள். பால்கனி அசையவில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலை கிறுகிறுத்தது. நானும் ஆடினேன், நிலைப்படிக்கு உள்பக்கமாக. எண்ணுகிறவன் பாரத்தில் சேரக்கூடாது.

பரந்தாமனை ஜெயிக்கப் பத்துப் பேர் போதும். ஆனால் உடையாத உருளைக்கு நோட்டில் எழுத எண் கிடையாது. உடைகிற வரை போனால்தான் சோதனை.

அதனால் பதினோராவதாக எல்லப்பனைக் கூப்பிட்டேன். கனத்த ஆள்.

"நான் ஏறனா ஒன் கல்லு அழுதுடும்பா," என்று சிரித்துக்கொண்டே வந்தார். அவருடைய மனைவி வள்ளியம்மாள் கீழேயிருந்து, "எறங்கி வாய்யா, நீ ஆடனா ஊரே சிரிக்கும்," என்று கத்தினாள். எல்லப்பன் அவளுக்காகவே இரண்டு குதி குதித்தார்.

சுவரோரம் விரிசல் ஓடியது. அதற்குள் முடி கறுப்பாக இழுபட்டு, நின்றது. அவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. அவர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை, எல்லோர் கண்ணும் காவடிமேல்.

நான்கு பேர் போய்விட்டார்கள், எல்லப்பனும் அதில் ஒருவர் என்று சொல்கிறீர்கள். வருத்தம்தான். ஆனால் இதை மட்டும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். வெறும் காங்கிரீட்டாக இருந்தால், விரிசல் விட்டதும் ஒன்று எண்ணக்கூட விட்டிருக்காது. என் முடி அத்தனை பேரையும் ஏழு எண்ணுகிற வரை பிடித்து வைத்திருந்தது. நானே எண்ணினேன், நிதானமாக. ஏழு எண்ணுவதற்குள் பதினோரு பேரும் உள்ளே வந்திருக்கலாம்.

நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் பாரம் குறைந்துபோயிருக்கும், ஐயா.