துரைக்குச் செய்த மருந்து அலமாரி

மாம்பலகையை யாரும் மதிப்பதில்லை, ஐயா. தேக்கு என்றால் மரியாதை, நூக்கு என்றால் தடவிப் பார்ப்பார்கள். மாம்பலகை என்றால் அடுப்புப் பக்கம் கை காட்டுவார்கள். நான் அதோடு இருபத்திரண்டு வருஷம் பழகியவன். பொறுமையான மரம். வெயில் பட்டால் கொஞ்சம் வளையும், அவ்வளவுதான்.

நீங்கள் அலமாரியைப் பற்றிக் கேட்டீர்கள். குமாஸ்தா ஐயா எழுதுவதற்கு வசதியாக மெதுவாகவே சொல்கிறேன்.

ஆம்பூரில் மக்பூல் அகமது சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் நான் தச்சன். சென்னைக்குப் போகும் தோலுக்குப் பெட்டி அடிப்பேன். தோல் ஊறும் தொட்டிகளுக்குக் குறுக்கே ஆள் நிற்கப் பலகை போடுவேன். சர்ச்சுத் தெருவில் யாராவது இறந்தால் அவருக்கும் ஒரு பெட்டி. அதனால் ஷாப்பில் என்னைக் கன்னியப்பன் என்று யாரும் கூப்பிடுவதில்லை. பொட்டி ஆசாரி என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவன் சாமுவேல். ஆவாரம்பட்டைத் தண்ணீர் நிரம்பிய மூன்றாம் தொட்டியில் கழியால் தோல் புரட்டுகிறவன். நல்ல மனிதன். எனக்கு அவன்மேல் எந்தக் கோபமும் இருந்ததில்லை. இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

சித்திரை மாதம் சாயபு என்னைக் கூப்பிட்டார்.

"கன்னியப்பா, சென்னை கம்பெனி தொர அடுத்த சனிக்கெழம வர்றாரு. நம்ம பங்களால ரெண்டு நாள் தங்குவாரு. அவருக்குச் சாயங்காலத்துல ஒரு மருந்து சாப்டற பழக்கம். அந்த பாட்டிலுங்களுக்கு ஷோக்கா ஒரு அலமாரி வேணும்."

"தேக்குலயா, சாயபு?"

"தேக்கு வெல ஜாஸ்தி. கம்மியா எதுலயாவது செய். ஆனா பாத்தா கம்மின்னு தெரியக் கூடாது."

பாட்டில் எவ்வளவு உயரம் இருக்கும் என்று கேட்டேன். சாயபு ஐந்து வேளைத் தொழுகை தவறாதவர். அந்த மருந்தைக் கண்ணால் கண்டதில்லை. அவர் பார்வை தானாகவே தொட்டிமேல் நின்ற சாமுவேலிடம் போயிற்று. சாமுவேல் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அளந்து காட்டினான்.

"இவ்ளோ இருக்கும், சாயபு. நான் கேள்விப்பட்டது தான்."

எல்லாரும் சிரித்தார்கள். சாயபுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

சாமுவேல் விடவில்லை. "ஆனா ஒண்ணு, சாயபு. இவன் செஞ்சா தொர அதுல பாட்டிலு வெக்க மாட்டாரு. செத்துட்டோம்னு நெனச்சு, அவரே உள்ள போய்ப் படுத்துக்குவாரு."

மறுபடி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

மரம் எங்கே இருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரியும். மூன்றாம் தொட்டியின் குறுக்கே கிடந்த இரண்டு மாம்பலகைகள் நானே போட்டவை. பன்னிரண்டு வருஷம் பட்டைத் தண்ணீர் தெறித்துத் தெறித்து உள்வரை சிவந்து, நூக்கே நாணும் நிறத்துக்கு வந்திருந்தன. சாமுவேல் இடது காலை ஒன்றிலும் வலது காலை இன்னொன்றிலும் வைத்து ஒரே இடத்தில் நிற்பான். அங்கே மரம் தேய்ந்து, பலகைக்கு ஒன்றாகப் பாதம் அளவுக்கு இரண்டு பள்ளம். மற்றவர்களுக்கு அது பள்ளம். எனக்கு அது பாதி செதுக்கி முடித்த இலை. பலகைக்கு ஒரு கதவு. கதவுக்கு ஓர் இலை.

வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா தொழுகைக்கு ஷாப்பு நிற்கும். சாயபுவும் பாய்மார்களும் பள்ளிவாசலுக்குப் போவார்கள், மற்றவர்கள் புளியமரத்தடியில் சாப்பிடுவார்கள். அந்த நேரத்தில் இரண்டு பலகைகளையும் எடுத்துவிட்டேன். அவற்றின் இடத்தில் கள்ளிப்பெட்டிப் பலகை இரண்டைப் போட்டு, நிறம் ஒத்துப்போக மூன்று கை பட்டைச் சாறு பூசினேன். கள்ளிப்பெட்டிப் பலகை சோப்புக்கட்டியைத் தாங்கும், ஆளைத் தாங்காது. எனக்குத் தெரியும். அது நான்கைந்து நாளைக்குத்தான். திமிரியிலிருந்து புது மாம்பலகை வண்டியில் வருவதாக இருந்தது.

அலமாரி நன்றாக வந்தது. பள்ளத்தைச் சுற்றி நரம்பு இழுத்து, காம்பு வைத்து, ஓரம் மட்டும் சுருட்டினேன். சாமுவேலின் இடது பெருவிரல் வெளிப்பக்கம் வளைந்தது. அதனால் இடது இலையின் நுனியும் காற்றில் திரும்பியதுபோல் வளைந்திருந்தது. செதுக்கி நேராக்கியிருக்கலாம். மனம் வரவில்லை.

சாயபுவின் வீட்டம்மா சுகரா பேகம் வண்டியில் போகும்போது அதைப் பார்த்துவிட்டு, என்ன அலமாரி என்று ஆள் விட்டுக் கேட்டார். மருந்து அலமாரி என்று சாயபு சொல்லியனுப்பினார். யாருக்கு வியாதி என்று மறுபடி ஆள் வந்தது. துரைக்கு என்றார். அந்த அம்மா இரக்கப்பட்டு, சளிக்கு ஒரு பாட்டில் கஷாயம் காய்ச்சி அனுப்பிவிட்டார். அந்த அலமாரிக்குள் முதலில் போனது அந்தக் கஷாயம்தான்.

அடுத்த வியாழக்கிழமை சாமுவேல் என் கொட்டகைக்குப் பீடி பற்றவைக்க வந்தான். அலமாரியைப் பார்த்தான். சிரிக்கவில்லை. குனிந்து இடது இலையைப் பார்த்தான். பிறகு காலைத் தூக்கி அதில் வைத்தான். பொருந்தியது.

"அடப் பாவி. இது எங் காலுடா."

அப்புறம்தான் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"நாளன்னிக்கி தொர வரட்டும். அவரு முன்னாடி ரெண்டு காலையும் வெச்சுக் காட்டறேன். தொட்டிப் பலகைல பண்ண பொட்டி, தொரையே, அப்டின்றேன்."

"வேணாம், சாமுவேலு."

"இன்னாத்துக்குக் கோச்சுக்கற? தமாசுக்குப்பா. அதான் அங்க பலக மாறிடுச்சா? பேஜாரா கீது, நின்னா முனகுது. நான் ஓரமா, செங்கல்லு மேலயே நின்னுக்கறேன்."

"புதுசு, அதான். நடுவுல நில்லு. நடுவுல நின்னாதான் பலக செட்டாவும்."

"சரிப்பா. நீ சொன்னா சரி."

நான் சொன்னது அவ்வளவுதான், ஐயா. திமிரிப் பலகைகள் அதற்கு முந்தின நாளே வந்துவிட்டன. என் கொட்டகைச் சுவரில் சாய்ந்திருந்தன. சாமுவேல் அவற்றின்மேல் சாய்ந்துதான் பீடி குடித்தான்.

மறுநாள் ஜும்மா நேரம். புரட்டாமல் விட்டால் தோலில் திட்டு விழும் என்று சாமுவேல் மட்டும் தொட்டிமேல் நின்றான். நான் இடது கதவுக்குக் கடைசி மெருகு போட்டுக்கொண்டிருந்தேன். பலகை முறிந்த சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. பிறகு கன்னியப்பா என்று இரண்டு தரம் கூப்பிட்டான். பன்னிரண்டு வருஷத்தில் அன்றுதான் அவன் என்னை ஒழுங்காகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

மெருகு போடும்போது பாதியில் கையை எடுத்தால் திட்டு விழும். அது உங்களுக்கு மேஜை செய்த தச்சனுக்கும் தெரியும். கதவை முடித்துவிட்டு எழுந்தேன். அப்போது தொட்டி அமைதியாக இருந்தது. ஊறிய தோல்கள் கனமானவை, மேலே மூடிக்கொண்டால் ஆளை விடாது. முறிந்த துண்டுகளை எடுத்து வஜ்ஜிரப் பசை காய்ச்சும் அடுப்பில் வைத்தேன். புது மாம்பலகைகளைக் குறுக்கே போட்டேன். அதன் பிறகு கத்தினேன்.

வந்து பார்த்த போலீஸ்காரர்கள் கால் வழுக்கிவிட்டது என்று எழுதிக்கொண்டார்கள். பலகை உறுதியாக இருந்ததால் வேறு எதுவும் எழுத இடமில்லை.

சாமுவேலுக்குச் சவப்பெட்டி நான்தான் செய்தேன். கூலி வாங்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

துரை சனிக்கிழமை வந்தார். அலமாரியின் முன்னால் வெகுநேரம் நின்றார். இலைகளை விரலால் தடவினார். யார் செய்தது என்று கேட்டு, என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். ஷாப்பில் கணக்கு எழுதும் ரைட்டர் அதைச் சிற்பி என்று மொழிபெயர்த்தார். சாமுவேல் இருந்திருந்தால் அந்த வார்த்தை வந்திருக்காது. அதை நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

சாமுவேலின் மனைவி சவுரியம்மாள் பங்களாவைப் பெருக்குகிறவள். பதினைந்து நாள் கழித்து வேலைக்கு வந்தாள். அலமாரியைத் துடைக்கும்போது அவள் கை இடது இலையில் நின்றுவிட்டதாம். பட்டைத் தண்ணீரில் வெடித்த அந்தப் பாதத்துக்குத் தினமும் வேப்பெண்ணெய் தடவிய கை. அப்படியே தரையில் உட்கார்ந்து, "இது அவுரு காலு" என்றாளாம். அதிலிருந்துதான் பலகை மாறிய விஷயம் விசாரணைக்கு வந்தது. துரை பாராட்டினார், சரி. ஆனால் அந்தக் கதவை முழுதாகப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான்.

பலகையை மாற்றியது நான். நடுவில் நிற்கச் சொன்னது நான். முறியும் என்று தெரிந்தே சொன்னேன். கூப்பிட்டது கேட்டும் போகவில்லை. எங்கே கைநாட்டு வைக்க வேண்டுமோ வைக்கிறேன்.

சாட்சிப் பொருளாக அந்த அலமாரியைத் தாலுகா கச்சேரி வராந்தாவில் வைத்திருக்கிறீர்கள். பகல் வெயில் நேராக விழுகிறது. உள்ளே தள்ளி வைக்கச் சொல்லுங்கள். இன்னொன்று. தொழில் என்ற இடத்தில் குமாஸ்தா ஐயா பெட்டி செய்பவன் என்று எழுதியிருக்கிறார் போலிருக்கிறது. குற்றம் என்ற இடத்தில் கொலை என்றே இருக்கட்டும். தொழிலை மட்டும் அடித்துத் திருத்தி எழுதச் சொல்லுங்கள்.