எல்லாம் அவுக காலால வந்தது

தூத்துக்குடி டவுன் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த இளையவள் சொன்னாள்:

"நாய் வீட்டுக்குள்ளயே மோண்டு வைக்குதுக்கா. எல்லாம் எங்க வீட்டுக்காரவுக காலால வந்தது."

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. இறங்கவில்லை.

"ஏளா, நாய் மோளுததுக்கு ஒம் புருசன் காலு என்ன செய்யும்?" என்றாள் மூத்தவள்.

"பழைய துறைமுகத்துல மூட்டை தூக்கிட்டு இருந்தாக. கப்பலெல்லாம் புதுத் துறைமுகத்துக்குப் போனதுல இருந்து அவுக உப்பளத்துக்குல்லா வேலைக்குப் போறாக. சாயங்காலம் வந்து உக்காந்ததும் நாய் ஓடியாந்து ரெண்டு காலையும் நக்குது. அம்புட்டும் உப்பு. பெறவு தாகம் தாங்காம சட்டி சட்டியாத் தண்ணி குடிக்குது. விடியுததுக்குள்ள வீட்டுக்குள்ளயே மோண்டுருது. குட்டியில இருந்து வெளிய போய்ப் பழகுன நாய்க்கா. மோண்டுட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிக்கும்."

"கால நல்லாக் கழுவிட்டு வரச் சொல்லேன்."

"சொன்னேன். கேக்கணுமே. உப்புத்தண்ணியில நின்னு நின்னு காலு வெடிச்சுக் கெடக்காம். அது நக்குனாத்தான் எரிச்சல் அடங்குதாம்."

"நாயை ரெண்டு போட்டியா?"

"அது என்ன செய்யும், பாவம்."

"பெறவு என்னதான் செஞ்ச?"

"வெளிய வாசல்ல பாய விரிச்சிட்டேன். இப்பம் வீட்டுக்குள்ள ஒரு சொட்டு இல்ல."

"நாய்க்குப் பாயா?"

"ரெண்டு பேருக்குந்தான். கடக்காத்து நல்லா வருது. அவுகளும் ஒண்ணும் சொல்லல, நாயும் ஒண்ணும் சொல்லல."