ஆமென் சொல்லும்வரை

மாலை ஆறரை மணி. குப்பைமேட்டிலிருந்து எங்கள் மிஷன் வீட்டுக்கு வரும் பாதையில் அந்த நேரத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது. விளக்கும் கிடையாது.

இதைத் தோழியின் அண்ணனுக்கு நடந்ததாகத்தான் எப்போதும் சொல்வேன். இன்றைக்குக் கரண்ட் இல்லை. எல்லோரும் ஒரே பாயில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள், யார் முகமும் தெரியவில்லை... உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். என் கணவருக்கு நடந்தது.

அவர் ஊழியக்காரர். நான் நர்ஸ். கடல் தாண்டிப் போய், குப்பை பொறுக்கிப் பிழைக்கிறவர்கள் நடுவே நான்கு வருடம் இருந்தோம். ஆறரைக்குக் குடும்ப ஜெபம். முழங்காலில் நின்றுவிட்டால் யார் தட்டினாலும் ஆமென் சொல்லும்வரை கதவைத் திறக்கக் கூடாது. அது அவர் அப்பா வைத்த பழக்கம். அங்கிருந்தவர்களுக்கும் தெரியும். படியில் உட்கார்ந்து காத்திருப்பார்கள்.

"ஐயா ஜெபத்தை ஆரம்பிச்சா நமக்குப் பசியே செத்துப்போயிடுதும்மா" என்பான் எங்கள் டிரைவர்.

"உன் பாவத்தை ஒரு வரியில முடிக்க முடியுமாடா?" என்று இவர் சிரிப்பார்.

அன்றைக்குக் குப்பைமேட்டுப் பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சொல்லி ஜெபித்துக்கொண்டிருந்தார். நாற்பத்துமூன்று பிள்ளைகள். பத்தாவது பிள்ளைக்கு வரும்போது கதவு தட்டும் சத்தம். உள்ளங்கையால்... மெதுவாக... கதவின் கீழ்ப்பக்கத்தில். நான் கண்ணைத் திறந்தேன். அவர் கண்ணை மூடியபடியே தலையசைத்தார். வேண்டாம்.

இன்னும் இரண்டு முறை தட்டியது. பிறகு இல்லை.

ஆமென் சொல்லிக் கதவைத் திறந்தோம். படியில் செம்பட்டை உட்கார்ந்திருந்தாள். சாப்பாடு போதாமல் தலைமுடி செம்பட்டையாகிப்போன ஏழு வயதுப் பெண். மடியில் தம்பி. புளித்த பால் வாடை. காலையிலிருந்து வயிற்றுப்போக்காம். குழந்தையின் உடம்பில் சூடு இருந்தது. மூச்சு இல்லை.

உப்புச் சர்க்கரைத் தண்ணீர் சமையலறையில் இருந்தது. கதவிலிருந்து எட்டு அடி.

"ஏம்மா, கத்தியிருக்கலாமே!" என்றேன்.

"நீங்க ஜெபம் பண்ணிட்டிருந்தீங்க... அதான் மெதுவா தட்டுனேன்" என்றாள் அவள். பிறகு இவரைப் பார்த்து, "தம்பி பேரைச் சொன்னீங்கல்ல ஐயா? எனக்குக் கேட்டுச்சு. அவன் காதுலயும் சொன்னேன்" என்றாள்.

மறுநாள் ஆறரைக்கு அவர் முழங்காலில் நின்றார். பத்தாவது பேர்... தட்டும் சத்தம். ஓடிப்போய்த் திறந்தார். யாரும் இல்லை. படி மட்டும் ஈரமாக இருந்தது. அந்தப் புளித்த வாடை.

தினமும் அப்படித்தான். கதவைத் திறந்துவைத்து ஜெபித்தார். திறந்து கிடந்த கதவுப் பலகையிலேயே தட்டும் சத்தம் கேட்டது. எனக்கும் கேட்டது. டிரைவர் வேலையை விட்டே போய்விட்டான்.

கடைசியில் இவர் ஜெபத்தை விட்டுவிட்டார். ஆறு மணிக்கே கதவைச் சாத்திவிட்டு, உப்புச் சர்க்கரைத் தண்ணீரோடு வெளியே படியில் உட்காருவார். நானும் கூட உட்காருவேன். முதல் நாளே சத்தம் கேட்டது.

உள்ளிருந்து.

"உள்ள வந்துட்டான்" என்றார் இவர். அவர் முகத்தில் பயம் இல்லை. "இப்ப வெளிய நாமதான் இருக்கோம்."

நாலாவது மாதம் அதே வயிற்றுப்போக்கு அவருக்கும் வந்தது. இரண்டே நாள். டிரிப் ஏற்ற இரண்டு கையிலும் ஊசி குத்திப் பார்த்தேன், நரம்பு கிடைக்கவில்லை. கடைசிவரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான் ஜெபித்துக்கொண்டிருந்தேன். "ஆமென் சொல்லிடாத" என்றார். நான் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து நாலாம் நாள் வீட்டைப் பூட்டினேன். செம்பட்டை என் பையை இழுத்துக்கொண்டு கூடவே வந்தாள். மெயின் ரோட்டில் பஸ் வந்து நின்றுவிட்டது. மணி ஆறரை. அவள் திரும்பி வீட்டையே பார்த்தாள்.

"நர்ஸம்மா, உள்ள தட்டுறாங்க."

"காத்தா இருக்கும்மா."

"இல்ல. ரெண்டு பேரு தட்டுறாங்க. ஒருத்தர் கீழ, ஒருத்தர் மேல..."

எனக்கும் கேட்டது. சாவி என் கையில்தான் இருந்தது.

பஸ் ஏறிவிட்டேன்.