தொரைப்பாருல நின்ன கப்பல்

ரொம்ப ரொம்ப முன்னாடி, நம்ம பாட்டனுக்குப் பாட்டன் காலம்னு வச்சுக்கங்க. இந்தத் தாழைப்பட்டினத்துல கரியமாணிக்கம்னு ஒருத்தர் இருந்தாராம். கடலுக்குள்ள எங்க பாறை கிடக்கு, எங்க பள்ளம் இருக்குன்னு அவருக்கு அத்துப்படி. வர்ற கப்பல்ல ஏறி வழிகாட்டிக் கரைக்குக் கொண்டாறதுதான் அவரு தொழில்.

ஒரு நாள் போர்க்கப்பல் ஒண்ணு வந்துச்சு. அமெரிக்கா தேசத்துக் கப்பலாம். அந்தத் தேசமே அப்பத்தான் புதுசா உண்டாகியிருந்துச்சாம். குடிதண்ணி தேடி வந்தவங்க. கரியமாணிக்கம் கட்டுமரத்துல போனாரு, கயித்தப் புடிச்சு மேல ஏறினாரு. ஏறி நிக்கிறாரு, கண்ணு முன்னால ஒரு சிப்பாய் வாந்தியெடுத்துச் சுருண்டு விழுறான். பின்னாலயே இன்னொருத்தன். வாந்திபேதி.

கப்பல் தலைவன் பேரு ஆர்லன் தொரை. நரைச்ச தலை, யாருகிட்டயும் சிரிக்காத ஆளு. கரையையும் விழுந்தவங்களையும் ஒரு தடவை பாத்தாரு. அங்கனயே, கடலுக்குள்ள பாறைத் திட்டா கிடக்குற பார் ஓரமா நங்கூரத்தப் போடச் சொல்லிட்டாரு.

"இனி ஒருத்தரும் எறங்கக் கூடாது."

தொறமொகத்துல பொழச்சதால கரியமாணிக்கத்துக்கு அவங்க பேச்சு கொஞ்சம் வரும். "தொரை, எனக்கு நோவு இல்ல. வீட்டுல பொஞ்சாதி மாசமா இருக்கா. என்னை மட்டும் விடுங்க."

"உனக்கு இல்லன்னு இன்னைக்குச் சொல்ற. நாளைக்கு? நீ போனா உன் ஊரே போயிரும்."

சிப்பாய்க கத்திய எடுத்துக்கிட்டு வந்தாங்களாம், கரைக்கு விடுன்னு. தொரை துப்பாக்கியோட, கரைக்குப் போற கப்பல் படகு முன்னால நின்னாரு. நகரல.

அந்தப் பார்ல தண்ணியிலருந்து தலை நீட்டுற பாறை ஒண்ணு உண்டுல்ல, அதுமேல ஊர்க்காரங்க குடத்துல தண்ணி வச்சுட்டுத் திரும்பிப் பாக்காமப் போவாங்க. கப்பல்காரங்க கயிறு போட்டு மேல எடுத்துக்குவாங்க. கரியமாணிக்கம் பொஞ்சாதி பூச்செண்டு குடமும் அதுல இருக்கும். அதைத் தொட்டுப் பாத்துத்தான் அவரு நாளைக் கடத்தினாரு. பத்தாம் நாள் குடம் வரல. பதினொண்ணாம் நாளும் வரல.

"பயந்துட்டாங்க. நல்லது, பொழச்சுக்குவாங்க"ன்னாரு தொரை.

பாதி ஆளு செத்துப் போயிட்டதால பீப்பாத் தண்ணி மிச்சவங்களுக்குப் போதுமா இருந்துச்சாம்.

அப்புறம் தொரையும் விழுந்தாரு. பக்கத்துல உக்காந்தது கரியமாணிக்கம்தான், மத்தவங்க கிட்ட வரல. அவருகிட்ட தொரை சொன்னாராம்:

"மீசை மொளைக்கிறதுக்கு முன்னாடியே கப்பல் ஏறினேன். சண்டையில பேரு வாங்கினேன். தனிக் கப்பலே குடுத்தாங்க. ஒரு சண்டையில பீரங்கியெல்லாம் நொறுங்கிப் போச்சு. மிச்சம் நூறு பேராவது பொழைக்கட்டும்னு கொடிய எறக்கிச் சரணடைஞ்சுட்டேன். விசாரிச்சவங்க குத்தமில்லன்னாங்க. ஆனா எங்கூட உக்காந்து சாப்பிட ஒருத்தன் வரல. நான் காப்பாத்தின ஆளுகளே தெருவுல மொகத்தத் திருப்பிக்கிட்டாங்க. ஆறு வருசம் கழிச்சு இந்தப் பழங்கப்பலத் தந்து, கண்காணாத கடலுக்கு அனுப்பினாங்க. இங்க என் ஆளுகளச் சாக விட்டேன். ஒன் ஊராவது இருக்கும்."

பெறகு, "செத்தா கொடிய எம்மேல போத்தாதீங்க"ன்னாரு. அதுதான் கடைசி.

பார் ஓரத்துலயே அவரைக் கடல்ல விட்டாங்க. இருபது நாள் புதுசா யாரும் விழல. மிஞ்சின பதினோரு பேரும் நங்கூரம் தூக்கினாங்க. கரியமாணிக்கத்த ஒரு பலகையில எறக்கி விட்டாங்க. அவரு நீந்திக் கரையேறினாரு. மணல்ல அவரோட அண்ணன் நின்னான். அவன் வாயத் தொறக்கறதுக்குள்ள இவரு ஓடிட்டாரு. வழியெல்லாம் "பூச்செண்டு, வந்துட்டேன்"னு சொல்லிக்கிட்டே ஓடுறாரு. வீடு தொறந்து கிடக்கு. உள்ள போயி அடுப்படியில கூப்புடுறாரு, கொல்லையில கூப்புடுறாரு. அண்ணன் வாசல்லயே நிக்கிறான்.

உப்பு ஏத்த வந்த வண்டிக்காரங்க கூடத் தரை வழியா வந்துச்சாம் அந்த நோவு. ஊருல பாதி இல்ல. பூச்செண்டு ஒம்பதாம் நாளே போயிட்டா, வயித்துப் புள்ளையோட.

தொரையத் திட்டலாம்னா அவருக்கு வாய் வரல. கும்பிடலாம்னா கை வரல. அதுக்கப்புறம் அவரு கப்பல் எதுலயும் ஏறலையாம். வெளியூர் போன படகு திரும்பி வந்தா மட்டும் தண்ணிக்குள்ள எறங்கி நின்னு, "நில்லு, நில்லு"ம்பாராம். பார்கிட்டயே நிறுத்தி, அவனவன் வீட்டுச் சேதியக் கத்திச் சொல்லுவாராம். அதைக் கேட்ட பெறகுதான் கரையேற விடுவாரு.

அந்தப் பாருக்குத் தொரைப்பார்னு பேரு வந்தது இப்படித்தான். இன்னைக்கும் நம்ம படகு அங்க நின்னு, "வீட்டுல யாரு இருக்கா"ன்னு கேட்டுட்டுத்தான் வரும். கரையில நிக்கிறவங்க ஒவ்வொரு பேரா சொல்லுவாங்க. சொல்லாம விட்ட பேரு இருந்தா, படகுல இருக்கிறவன் அங்கனயே உக்காந்து அழுதுட்டு வருவான்.