எம்.டி. மூக்கு

— ஆடாம உக்காரு. கத்தி ஒரு இழுப்பு தப்பினா மீசையில பாதி போயிடும். அப்புறம் சாயங்காலம் மேடையில பாதி மீசையோடதான் மாலை வாங்கணும்.

— நான் எங்க ஆடறேன்? நீ கேள்வி கேட்டே, பதில் சொன்னேன். வாயைத் திறந்தா மூக்கும் மீசையும் கூடவே வருது. அதுங்களுக்குத் தனி டிபார்ட்மென்ட் இல்லை.

— சரி சார், சொல்லுங்க சார். சுரங்கத்து எம்.டி. நம்ம சலூனுக்கு வந்ததே பெரிசு சார்.

— என்னடா சாரு மோருன்னுக்கிட்டு? கடையில வேற ஆளே இல்லையே.

— வாசல்ல உங்க டிரைவர் நிக்கறாரு சார். இருங்க, கதவைச் சாத்திட்டு வர்றேன். ம், ஆச்சு. இப்பச் சொல்றா ஒட்டடை.

— அப்படி வா. என்னை ஒட்டடைன்னு கூப்பிட ஊர்ல நீ ஒருத்தன்தான் மிச்சம் கத்திரி. நாளைக்கு ரிட்டயர் ஆனப்புறம் தினமும் வந்து இந்த நாற்காலியில உக்காரப் போறேன். நோட் பண்ணிக்கோ.

— நோட் பண்ணிக்கிட்டேன். விஷயம் என்னன்னா, ஸ்கூல்ல நீ அவ்வளவு ஒல்லி. இப்பத் தொப்பை வந்துடுச்சுன்னு பேரை மாத்த முடியுமா? தலையைச் சாய். சாயங்காலம் வாழ்த்துரையை என் தலையில கட்டியிருக்காங்க. சொல்லிப் பாக்கறேன், தப்பு இருந்தா திருத்து. "எடை மேடையில சின்ன குமாஸ்தாவாகச் சேர்ந்து..."

— குமாஸ்தாவா? லாரிச் சக்கரத்துல ஹோஸ் வெச்சுத் தண்ணி அடிக்கிற வேலைடா. முதல் நாளே ஒரு லாரி டிரைவர் மேல அடிச்சுட்டேன். அவரு என்னைத் துரத்தினதுல சர்வே கேங்கு நின்ன இடம் வரைக்கும் ஓடினேன். ஓடி வந்தவன் கையில அவங்க நிலம் அளக்கற சங்கிலியைக் குடுத்துப் பிடிச்சுக்கச் சொன்னாங்க. என் உத்தியோக உயர்வெல்லாம் அப்படித்தான் ஆரம்பிச்சது.

— அதை மேடையில சொல்ல முடியாது. நான் "கடின உழைப்பால்"னு போட்டுக்கறேன். அப்புறம், "தலைமை ஆபீஸ் மூணு தடவை பெரிய பதவிக்குக் கூப்பிட்டும், பிறந்த ஊரை விட்டுப் போக மாட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவர்."

— நெஞ்சையாவது நிமிர்த்தறதாவது. முதல் தடவை அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னேன். ரெண்டாவது தடவையும் அதையேதான் சொன்னேன். மூணாவது தடவை கூப்பிட்டப்ப அம்மா போயே ரெண்டு வருஷம் ஆச்சு. பழக்க தோஷம், அதையே சொல்லித் தொலைச்சுட்டேன். அப்புறம் அந்த டைரக்டர் எப்ப பாத்தாலும், உங்கம்மா எப்படி இருக்காங்கன்னு கேப்பாரு. நானும் அப்படியேதான் இருக்காங்கன்னு சொல்லிட்டு வருவேன்.

— பாவி. சிரிக்க வைக்காதே, கத்தி கையில இருக்கு. அடுத்தது கேளு. "நேராக வந்துகொண்டிருந்த சுரங்கக் குழியை ஊருக்குப் பக்கத்தில் வந்ததும் வளைத்துப் போகச் செய்து, ஊரைக் காத்தவர்." இது எப்படி?

— இது சரி. இதை வேணா ரெண்டு தடவை சொல்லு. பிளான்ல பாத்திருக்கியா? மூணு பக்கமும் பள்ளம், நடுவுல நம்ம ஊரு மட்டும் நீட்டிக்கிட்டு நிக்கும். ஆபீஸ்ல சின்னப் பசங்க அதுக்கு 'எம்.டி. மூக்கு'ன்னு பேரு வெச்சிருக்கானுங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு. ஒருத்தன் ஒரு நாள் என்கிட்டயே, "சார், மூக்கு ஓரமா ரோடு போட்டுடலாமா"ன்னு கேட்டுட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டான். போடுடா, ஆனா மூக்கு மேல கை வெக்காதேன்னேன்.

— நல்ல பதில்தான்.

— இன்னிக்கு அந்த மூக்குக்கே பூட்டுப் போடறேன் கத்திரி. இன்னும் யாருக்கும் தெரியாது, உனக்கு மட்டும் சொல்றேன். இந்த ஊரைக் கம்பெனி எந்தக் காலத்துலயும் தொடாதுன்னு போர்டுல சண்டை போட்டு சம்மதம் வாங்கிட்டேன். என் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. அதை மேடையில, ஊர் முன்னாடி போடறேன். அடிப்படையில, நான் போறப்ப ஊருக்குக் குடுத்துட்டுப் போற பரிசு அதுதான். என்ன, கத்தி நின்னு போச்சு?

— சங்கு ஊதுது பாரு.

— அட, மணி ஆயிடுச்சா.

— இனி சுரங்கத்துல வெடி வெச்சு முடிச்சு ரெண்டாவது சங்கு ஊதற வரைக்கும் கத்தி வெக்க முடியாது. அப்படியே இரு.

— இதுதாண்டா எனக்குப் பிடிச்ச நேரம். இந்நேரம் டெய்லர் கடையில மிஷின் நின்னிருக்கும். ஆஸ்பத்திரியில நர்ஸம்மா ஊசியை மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. டீச்சர் கையில சாக்பீஸு பாதி எழுத்துல நிக்கும். ஊரே சேர்ந்தாப்ல மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறதை வேற எங்க பாக்க முடியும்?

— உனக்கு அது அழகாத் தெரியுது.

— ஏன், உனக்குத் தெரியலையா?

— உன் பங்களா குன்றுக்கு அந்தப் பக்கம்டா. இங்க எங்க வீட்டுல சங்கு ஊதினா உன் தங்கச்சி ஓடிப் போய்க் கண்ணாடி அலமாரியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா. என்னைக் கட்டிக்கிட்டதை விட அதைக் கட்டிக்கிட்டு நின்ன நேரம்தான் ஜாஸ்தி.

— அலமாரியைச் சுவத்தோட சேர்த்து ஸ்க்ரூ போட்டுடலாம். நாளைக்கே ஆளை அனுப்பறேன்.

— சுவரே ஆடினா ஸ்க்ரூ என்னடா பண்ணும்? சரி, நேரம் இருக்கறப்பவே சொல்லிடறேன். உனக்கு ஒரு கன்னத்துல சோப்பு, கழுத்துல துண்டு. எழுந்து ஓட முடியாது. அதனாலதான் ஊர்ல என்னை அனுப்பியிருக்காங்க.

— ஊரா? எதுக்கு?

— நீ அந்தக் கையெழுத்தைப் போடக் கூடாது.

— என்ன சொல்றே?

— நாங்க போறோம்டா. ஊரோட. ஆத்துக்கு அந்தப் பக்கம் உங்க கம்பெனி புது வீடு கட்டித் தர்றதா ஒரு பிளான் இருக்காமே. நீ அதை உன் பீரோவுல வெச்சுப் பூட்டி வெச்சிருக்கே. உங்க சர்வேயர் எங்க முடி வெட்டிக்கிறாருன்னு நினைச்சே?

— அந்த ஆளை...

— அசையாதே, வருது. ம். வெடிச்சாச்சு. இன்னிக்குக் கொஞ்சம் பெரிசு. இரு, சோப்பு மேல சுண்ணாம்பு கொட்டிடுச்சு, துடைக்கறேன். இந்த டியூப்லைட்டு இனி அரை மணி நேரத்துக்குக் கண்ணடிச்சுக்கிட்டே இருக்கும்.

— யாரோ நாலு பேரு உன்னைக் கிளப்பி விட்டிருக்காங்க.

— நாலு பேரா? நீ கட்டிக் குடுத்த ஹால்லதான் கூட்டம். ஹால் நிறைஞ்சு வாசல் வரைக்கும் ஆளு. உனக்கு விழா எடுக்கறதைப் பத்திப் பேசத்தான் கூடினோம், சத்தியமா. மேடையில எந்தக் கலர் துணி கட்டறதுன்னு ஆரம்பிச்சுது. யாரோ, தூசி தெரியாத கலராப் பாத்துக் கட்டுங்கன்னாங்க. இன்னொருத்தர், அப்படி ஒரு கலர் இருந்தா என் வீட்டுக்கு அடிச்சிருப்பேனேன்னாரு. அங்க இருந்து பேச்சு நகர்ந்து நகர்ந்து, போயிடலாமான்னு ஒரு குரல் வந்துச்சு. யாருன்னு தெரியலை.

— ஒருத்தன் கேட்டா, ஊரே கேட்டதா அர்த்தமா?

— கேளு முழுசா. ஒவ்வொருத்தரா எழுந்து, எனக்கு ஒண்ணும் இல்லை, வீட்டுல அவங்களுக்குத்தான் போகணும்னு இருக்குன்னாங்க. புருஷன் பொண்டாட்டியைச் சொன்னான், பொண்டாட்டி மாமியாரைச் சொன்னா. கடைசியில ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா, எல்லாரும் கண்ணை மூடிக்கங்க, போகணும்கிறவங்க மட்டும் கையைத் தூக்குங்க, யாரு தூக்கினாங்கன்னு யாருக்கும் தெரியாது, நான் எண்ணிக்கறேன்னாங்க.

— எவ்வளவு பேரு?

— எண்ணலையே. அந்தம்மாவும் கண்ணை மூடிக்கிட்டுக் கையைத் தூக்கிட்டாங்க.

— உருப்படும்.

— எவ்வளவு நேரம்தான் மூடிக்கிட்டே உக்காந்திருக்கறது? எனக்குக் கழுத்து வலிச்சுது, கண்ணைத் திறந்தேன். பாத்தா ஹால் பூராக் கை. எல்லாருமே திறந்துட்டாங்க, ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கறாங்க. கையை மட்டும் யாரும் இறக்கலை.

— எங்க அக்கா வந்திருந்தாளா?

— முன் வரிசை.

— தூக்கினாளா?

— ரெண்டு கையும்.

— துண்டை எடு. நான் கிளம்பறேன்.

— ஒரு கன்னத்தோடயா? போ. டிரைவர் கேட்டா ரிட்டயர்மென்ட் ஸ்டைல்னு சொல்லு. உக்காருடா. ரெண்டாவது சங்கும் ஊதியாச்சு, மிச்சத்தை முடிச்சு விடறேன்.

— இவ்வளவு வருஷமா ஏண்டா ஒரு வார்த்தை சொல்லலை?

— எப்படிச் சொல்றது? நீ எப்ப வந்தாலும் எதையாவது கொண்டு வந்து நிறுத்திடறே. ஆஸ்பத்திரி வந்துச்சு, ரோடு வந்துச்சு, பசங்க விளையாட கிரவுண்டு வந்துச்சு. அந்த மணிக்கூண்டு வேற. அது வெடிக்கு வெடி நின்னுடும், அதுல எப்பவும் மத்தியானம்தான். அதையும் நாங்க ஆள் வெச்சு சாயங்காலமா முள்ளைத் திருப்பி விடறோம், நீ பாத்தா மனசு கஷ்டப்படுமேன்னு.

— அதைத் திருப்பி விடறீங்களா?

— எலக்ட்ரீஷியனோட வேலை அது. தலையை அந்தப் பக்கம் திருப்பு. விஷயம் என்னன்னா, நீ குடுத்ததையெல்லாம் வாங்கி வெச்சுக்கிட்டு, எங்களை இங்க இருந்து அனுப்பிடுன்னு எந்த வாயால கேக்கறது?

— அப்ப நான் யாருக்காகடா வளைச்சேன்? வேலைக்குச் சேர்ந்த நாள்ல இருந்து நான் பண்ணினது அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் எவன் வந்தாலும் பண்ணியிருப்பான். அடிப்படையில, இந்த வளைவுதான் நான்.

— எங்களுக்காகத்தான் வளைச்சே. நாங்க அதை வேணாம்னு சொல்லலை. போதும்னு சொல்றோம். பேரன் வந்தா ஒரு நாள் தங்கறதுக்குள்ள இருமல். கிணத்துத் தண்ணி போயி எவ்வளவு வருஷம். மூணு பக்கமும் பள்ளம், நாலாவது பக்கம் லாரி. இந்த ஊரை நீ காப்பாத்திட்டே. எங்களைக் கொஞ்சம் விட்டுட்டே.

— இரு, கண்ணு எரியுது.

— கண்ணைத் துடைச்சுக்கோ. சோப்பு போயிருக்கும்.

— சோப்புதான்.

— அதைத்தான் சொன்னேன்.

— இங்க இருக்கற எங்க பழைய வீட்டுக்கு இப்பத்தான் பெயின்ட் அடிச்சேன், ரிட்டயர் ஆகி வந்து குடியிருக்கலாம்னு.

— பாத்தேன். அழகான கலர். அது மேலயும் கீறல் விட்டாச்சு, அக்கா உன்கிட்டச் சொல்லியிருக்க மாட்டாங்க. புது இடத்துல உனக்கும் வீடு உண்டு. அக்கா வீட்டை ஒட்டினாப்ல. என் கடை எதிர்ல. அதெல்லாம் பேசி வெச்சாச்சு.

— சரி. சாயங்காலம் என்ன சொல்லணும்? ஊர் மக்கள் கேட்டுக்கிட்டதால, கம்பெனி அவங்களுக்குப் புது இடத்துல வீடு கட்டித் தருதுன்னு சொல்லிடறேன்.

— அதுதான் கூடாது.

— இன்னும் என்னடா?

— நாங்க கேட்டோம்னு சொல்லவே கூடாது. கம்பெனி முடிவு பண்ணிடுச்சு, ஊரைக் காலி பண்ணியாகணும்னு சொல்லு.

— நானா? என் வாயாலயா?

— அது மட்டும் இல்லை. "என்னால தடுக்க முடியலை"ன்னு சேர்த்துடாதே. உன்மேல பரிதாபம் வந்துடும், வேலை கெட்டுடும். நான்தான் முடிவு பண்ணினேன்னு சொல்லணும்.

— ஏன், நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணினேன்?

— எங்களுக்கு அழணும்டா. அப்பா அம்மாவைப் புதைச்ச மண்ணு, பிள்ளை பெத்த வீடு. போகணும், ஆனா அழுதுக்கிட்டே போகணும். நாமளே கேட்டு வாங்கிக்கிட்டுக் கிளம்பினா எப்படி அழறது? நாளைக்குப் பேரப் பசங்க கேட்டா, நாங்களாப் போகலை, துரத்தி விட்டாங்கன்னு சொல்லணும். அதுக்குத் துரத்தறவன் ஒருத்தன் வேணும். வெளியாளு வந்து துரத்தினா எங்களுக்கு ரோஷம் வந்து இங்கயே உக்காந்துடுவோம். நீ துரத்தினாத்தான் போக முடியும்.

— நல்லா யோசிச்சிருக்கீங்க. வாழ்நாள் பூரா ஊரைக் கட்டிக் காத்தவன், கடைசி நாள் ஊரை அழிச்சவன். பேப்பர்காரன் எழுத வசதியா இருக்கும்.

— முடியாதுன்னா சொல்லிடு. நாங்க வாயை மூடிக்கிட்டு உன் கையெழுத்துக்குக் கை தட்டறோம். நீ குடுக்கறதை வாங்கிக்கறது எங்களுக்குப் பழகிப் போச்சு.

— கத்தியைக் கழுத்துல வெச்சுக்கிட்டு இப்படிப் பேசினா என்னடா பண்ணுவேன்? செய்யறேன். வேற என்ன? இதுவரைக்கும் நீங்க கேட்டு நான் எதுவும் செஞ்சதில்லைன்னு இப்பத்தானே தெரியுது. முதல் தடவையா ஒண்ணு கேட்டிருக்கீங்க.

— மாலையைப் போட்டப்புறம் சொல்லு. முன்னாடியே சொல்லிட்டா மாலை வீணாப் போயிடும், நல்ல பூ.

— சரி. நான் சொன்னதும் என்ன நடக்கும்? கல்லு கில்லு வருமா?

— சேச்சே. ஒருத்தர் எழுந்து உன்னைத் திட்டணும், மத்தவங்க பின்னாலயே எழுந்து சத்தம் போடணும்னு பேச்சு. ஆரம்பிச்சு வைக்க ஒரு ஆளு வேணுமில்லையா? நான்தான் ஆரம்பிக்கறேன்.

— நீயா? வாழ்த்துரைன்னே?

— அதை முடிச்சுட்டு உக்காந்துட்டு, அப்புறம் எழுந்துப்பேன்.

— என்னன்னு திட்டுவே?

— "துரோகி"ன்னு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். அதுக்கு மேல வரமாட்டேங்குது. காலையில இந்தக் கண்ணாடி முன்னாடி நின்னு பழகிப் பாத்தேன். "துரோ"ங்கறதோட நிறுத்திட்டுக் கண்ணாடியைத் துடைக்கப் போயிட்டேன்.

— அடேய், உன்னால முடியாதுடா. சொதப்பிடுவே. ஊர்ல என்னைக் கண்டாலே ஆகாதவன் யாராவது இருப்பானே, அவனைப் பேச விடேன்.

— தேடினோம்டா. கூட்டம் முடிஞ்சதுல இருந்து ஊர் பூராத் தேடிட்டோம். ஒருத்தன்கூடக் கிடைக்கலை.