முகம் நல்லாத் தெரியட்டும்

யாரையும் சுழல் நாற்காலியில் உட்கார வைத்துப் பேட்டி எடுக்கக் கூடாது. கொஞ்சம் பதற்றம் வந்தாலும் இடதும் வலதுமாக ஆடத் தொடங்கிவிடுவார்கள். ஆடாத நாற்காலி ஒன்றைத் தேடிப் பிடிப்பதில்தான் என் வேலைநாள் பெரும்பாலும் தொடங்கும். கம்பெனிகளுக்கு வீடியோ எடுத்துக் கொடுப்பது என் தொழில்.

எடுப்பதைவிடத் திட்டம் போடுவதுதான் பெரிய வேலை. இதை யார் பார்க்கப் போகிறார்கள், பார்த்து முடித்ததும் அவர்கள் என்ன நினைக்க வேண்டும், இந்த இரண்டையும் முதலிலேயே கேட்டுவிடுவேன். பிறகு இடத்தை ஒரு சுற்று நடந்து பார்ப்பேன். வெளிச்சம் எந்த ஜன்னலில் வருகிறது, எந்த இயந்திரம் காதை அடைக்கிறது, யார் முகம் கேமராவுக்கு ஒத்துவரும் என்று.

காகித ஆலைக்காரர்கள் கூப்பிட்டபோதும் அப்படித்தான். வெளியூர் வியாபாரிகள் பார்க்கப் போகிறார்கள். இங்கே ஆட்கள் சந்தோஷமாக வேலை செய்கிறார்கள் என்று நினைக்க வேண்டும். சந்தோஷமான முகம் என்றதும் எனக்கு ஒரே ஒருவர்தான் நினைவுக்கு வந்தார். என் தங்கை வீட்டுக்காரர். அதே ஆலையில் பெரிய உருளை இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"என்னை எதுக்கு மச்சான்? கல்யாண போட்டோவுலயே நான் பாதிதான் இருக்கேன்," என்றார்.

உண்மைதான். அந்தப் படங்களை எடுத்தவனும் நான்தான்.

ரொம்ப ஜாக்கிரதையான மனிதர். இஸ்திரிப் பெட்டியை அணைத்தால் போதாது, பிளக்கையும் பிடுங்கி வைக்க வேண்டும் அவருக்கு. "இவரோட குடும்பம் நடத்துறது தீயணைப்பு நிலையத்துல குடியிருக்கிற மாதிரி இருக்குண்ணா," என்று தங்கை சிரித்துக்கொண்டே புலம்புவாள்.

படப்பிடிப்பு அன்று அவருக்குப் புதுச் சட்டை கொடுத்தார்கள். கை கொஞ்சம் நீளம். மடித்துவிடப் போனார். கம்பெனிச் சின்னம் கையில்தான் இருக்கிறது, மடித்தால் மறைந்துவிடும் என்றேன். இறக்கிவிட்டுக்கொண்டார்.

உருளைக்கு முன்னால் கம்பி வலையில் ஒரு தடுப்பு இருந்தது. அதை எடுத்தால் இயந்திரம் தானாக நின்றுவிடும். கேமரா வழியாகப் பார்த்தால் அவர் கூண்டுக்குள் நிற்பது போலத் தெரிந்தது. சந்தோஷமான தொழிலாளியைக் கூண்டுக்குள் காட்ட முடியாது. சூப்பர்வைசர் டீ குடிக்கப் போயிருந்தார்.

"மாப்பிள்ளை, அந்த வலையைக் கழட்டிடுங்க. முகமே தெரியல."

"வேணாம் மச்சான். ஓடும்போது அதைத் தொடவே கூடாது."

"ரெண்டு நிமிஷம். எனக்காக."

சிரித்தார். என் பேச்சை அவர் ஒருநாளும் தட்டியதில்லை. "சரி, கழட்டிடுறேன். முகம் நல்லாத் தெரியட்டும்," என்று சொல்லிவிட்டு, இயந்திரம் நிற்காமலிருக்க வலை மாட்டுகிற இடத்திலிருந்த சுவிட்சை டேப் போட்டு ஒட்டினார்.

முதல் தடவை சரியாக வரவில்லை. இரண்டாவதும் சுமார்தான். மூன்றாவது தடவை, உருளையின் ஓரத்தில் அவர் சட்டைக் கை படபடப்பதைப் பார்த்தேன். நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ஆனால் காலையிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்த சிரிப்பு அப்போதுதான் அவர் முகத்தில் வந்திருந்தது. இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று விட்டேன்.

பிறகு நடந்ததை விவரிக்கத் தேவையில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

விசாரணைக்கு வீடியோவைக் கேட்டார்கள். மேனேஜர் போன் செய்தார். "குடுக்கிறதுக்கு முன்னாடி ஒருதடவை பாத்துடுங்க சார். தேவையில்லாதது ஏதாவது இருந்தா..." அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

எங்கே படமெடுத்தாலும், யாரும் பேசாதபோது அந்த இடத்தின் வெறும் சத்தத்தைக் கொஞ்சம் தனியாகப் பதிவு செய்து வைப்போம். பேச்சை வெட்டும் இடங்களில் அதை வைத்து நிரப்பினால் ஒட்டுத் தெரியாது. அன்றும் ஆலையின் இரைச்சலைப் பதிவு செய்து வைத்திருந்தேன். முதலில் என் குரலை எடுத்தேன். என் குரல் போனதும் அவருடைய "வேணாம் மச்சான்" யாருக்கோ பதில் சொல்வது போலத் தனியாகத் தொங்கியது. அதையும் எடுத்தேன். அந்த நேரத்தில் கேமரா உருளையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் படத்திலும் எதுவும் தெரியவில்லை. மிஞ்சியது ஒரு சிரிப்பு. அதன் பின்னால், "கழட்டிடுறேன். முகம் நல்லாத் தெரியட்டும்."

அவர் பேசாத ஒரு வார்த்தையைக்கூட நான் சேர்க்கவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

வீடியோவில் அழகாகத் தெரிவதற்காக அவரே தடுப்பை நீக்கினார் என்று முடிவானது. "அவரு அப்படிப் பண்ற ஆளே இல்ல," என்று தங்கை வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். கொஞ்ச நாளில் சொல்வதை நிறுத்திவிட்டாள். அவருடைய சட்டைகளைத் துவைத்து அலமாரியில் மாட்டி வைத்திருந்தாள். எல்லாச் சட்டைகளிலும் கை முழங்கைக்கு மேல் மடித்துவிடப்பட்டிருந்தது. நான் பார்த்துவிட்டு அலமாரியைச் சாத்தினேன்.

அதன் பிறகு, புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் காட்ட ஒரு பாதுகாப்பு வீடியோ வேண்டும் என்று ஆலையில் கேட்டார்கள். வேறு யாராவது எடுத்திருந்தால் அவரை வெறும் பாடமாக்கியிருப்பார்கள். நான் என்றால் பாசத்தோடு எடுப்பேன். ஒப்புக்கொண்டேன். அவருடைய சிரிப்பு, அந்தப் பேச்சு, பிறகு இருட்டுத் திரை, 'இந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள்.' நன்றாக வந்திருந்தது. பார்த்தவர்கள் அழுதார்கள்.

தங்கைக்கு அங்கேயே பேக்கிங் பிரிவில் வேலை கொடுத்தார்கள். முதல் நாளே அவளையும் மற்றவர்களோடு உட்கார வைத்துக் காட்டிவிட்டார்கள். நான் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். வேலை முடிந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் நேராக என் அலுவலகத்துக்கு வந்தாள்.

"அண்ணா, நீ அங்கதானே நின்னுட்டிருந்த?"

"ஆமாம்மா."

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன்மா. வேணாம் மாப்பிள்ளைன்னு ரெண்டு தடவை சொன்னேன். கேக்கல."

பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேனே. மன்னிச்சிடுண்ணா," என்று அழுதாள்.

பாவம், அவளும் எவ்வளவுதான் தாங்குவாள். நான் மன்னித்துவிட்டேன்.