விரியும் வானத்தின் மீதிக் கணக்கு

சின்னமனூரிலிருந்து தேனிக்கு வந்த கரிவாயு பஸ்ஸில், என் முன் இருக்கையில் ஓர் இளம் தம்பதி. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம்; பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியை எரித்த வாயுவில் ஓடின.

"வானம் விரிஞ்சுக்கிட்டே போகுதுன்னு நேத்து எங்கய்யாகிட்டச் சொன்னியே, சொல்லும்போது ஏன் ஒனக்குக் கண்ணு கலங்குச்சு?" என்று கணவன் கேட்டான்.

"அது எப்படி விரியுதுன்னு கணக்குல காட்டலாங்க. மெட்ராஸ்ல எம்.ஏ. படிக்கையில பாதி போட்டேன். மீதிய ஆராய்ச்சியா செய்யச் சொல்லி புரொபசர் கூப்பிட்டாக. அதுக்குள்ள நம்ம கல்யாணம் முடிவாயிருச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே?"

அவள் வெளியே வயலைப் பார்த்தாள்.

"இங்கன இருந்தே போட முடியாதா?"

"தெனமும் போட்டுத்தான் பாக்குறேன். ஒரு எடத்துல நின்னுருது. தப்புன்னு எடுத்துச் சொல்ல அங்கன ஆள் இருக்கு. இங்கன யாரு இருக்கா?"

"எம்புட்டு நாளாகும்?"

"ரெண்டு வருசம்."

பஸ் வீரபாண்டியைத் தாண்டியது. அவன் மெதுவாகச் சொன்னான்: "நீயில்லாம எனக்கு வீடு வீடா இருக்காது."

"எனக்கு மட்டும் அங்கன இருப்புக் கொள்ளுமா? அதான் கேக்கல."

தேனியில் இறங்கினோம். உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குத்தான் அவர்கள் வந்திருந்தார்கள். அவன் கிழக்கே நடக்கத் தொடங்கினான்.

"அத்தை வீடு இந்தப் பக்கங்க."

"மொதல்ல தபாலாபீசு. புரொபசருக்குத் தந்தி குடு."

அவள் நின்றுவிட்டாள். "தந்தியில என்னன்னு எழுத?"

"வாரேன்னு எழுது," என்றான். "திரும்பி வாரேங்கிறத மட்டும் எங்கிட்டச் சொல்லிட்டுப் போ."